பழைய இரும்பு

நூறு பார்வைப் புலம் எண்ண வேண்டும்.
தொண்ணூற்றாறாவதில் கிடக்கிறது
நீலத்தின்மேல் ஒரு சிவப்புக் கீறல்,
அமிலத்தில் கழுவியும் சாயம் விடாத பிடிவாதம்.
மின்விசிறி போடக்கூடாத அறை.
வியர்வை பார்வைத்துண்டில் ஒட்டுகிறது.
யன்னலுக்கு வெளியே உட்துறைமுகத்தில்
ஒரு கோதுமைக் கப்பல்
அசையாமல்.

சளி தந்தவர் முஸம்மில்.
கிண்ணியாவில் இரும்பு வெட்டுகிறார்.
கடலடியிலிருந்து இழுத்த தகடு, உடைந்த வள்ளத்து எஞ்சின்,
பேர் தெரியாத பல்சக்கரம்.
"ஒண்டயும் வீசுறல்ல மிஸ், ஆணியும் காசுதான்"
சொல்லி முடிக்குமுன் இருமினார்.
நான் முகமூடியை இறுக்கினேன்.
இரண்டு மாதத்துக்கு முன் அவருடைய வழுக்கியில்
எண்ணி மாளவில்லை.

அவர் நெஞ்சுக்குள்ளும் ஒரு வெட்டுமுற்றம் நடக்கிறது.
பெருவிழுங்கி என்று பெயர்,
பெயர்தான் பெரிது; எனக்கு அது ஒரு நீலப் பொட்டு.
வந்த கிருமியை விழுங்கும்.
விழுங்குவது சுலபம்.
விழுங்கப்படத்தானே அதுவும் வந்தது!
உள்ளே ஒரு பையில் குந்தியிருந்து
அமிலம் வரும் வாசலைப் பூட்டிவிட்டு
வீட்டுக்காரர் சோற்றிலேயே குடித்தனம்.
ஒருநாள் பையைக் கிழிக்கும்.

கிழிசலைக் கலம் கண்டுகொள்ளும்.
கண்ணில்லை, காவலாளில்லை,
எப்படியோ கண்டுகொள்ளும்.
கிழிந்த விளிம்பில் சின்னப் புரதங்கள் வந்து ஒட்டும்,
முஸம்மில் சோக்கட்டியால் போடும் பெருக்கல் குறிபோல:
இது வெட்டுக்கு.
எங்கிருந்தோ ஒரு சவ்வு முளைக்கும்,
பிறையாய் வளையும்,
இரட்டைச் சுவராகி
விளிம்பும் விளிம்பும் தொட்டு மூடும்.
மூடிய பொதியை அமிலப் பைக்குள் கொட்டும்.

இதற்கென்று கலம் புதிதாக ஒன்றும் படிக்கவில்லை.
பசி நாளில்
தன் பழுதான உறுப்புகளைத் தானே சுருட்டித் தின்று
உயிர் பிடித்த அதே கைவேலை.
தன்னுண்ணல்.
தன்னைத் தின்னப் பழகிய வாய்க்குத்தான்
தனக்குள் பதுங்கியதையும் தின்னத் தெரிகிறது.

எப்போதும் வெல்லுமா?
வென்றிருந்தால் எனக்கு இந்தக் கதிரை இருந்திராது.

நோன்புக்கு இரண்டு நாள் முன்பு கேட்டார்,
"மாத்திரய சஹருக்குப் போடலாமா மிஸ்?"
டொக்டரைக் கேளுங்கள் என்றேன்.
பசித்த கலம் வேகமாய்த் தின்னுமென்று
எங்கோ படித்தது நாக்கு நுனிவரை வந்தது.
சொல்லவில்லை.
பாதை மூடிக்கிடந்த வருடங்களில்
இந்த ஊர் நன்றாகவே பசித்திருக்கிறது.
ஒருவருக்கும் அது மருந்தாகவில்லை,
கசம்தான் வந்தது.
ஆறு மாதம், தாதி பார்த்திருக்க,
தண்ணீரோடு நாலு மாத்திரை.
இதுவும் விழுங்குதல்தான்.

போன ஆவணியில் எனக்கும் ஊசி போட்டுப் பார்த்தார்கள்.
முன்கையில் பதினாறு மில்லிமீற்றர் தடிப்பு.
எக்ஸ்றே சுத்தம். இருமலில்லை.
"உள்ளே இருக்கலாம், நித்திரையாய்" என்றார் டொக்டர் பத்மகௌரி,
பேனா மூடியைக் கடித்தபடி.
இருக்கட்டும்.
அதைச் சுற்றி நிற்பவை நித்திரை கொள்ளவில்லையே.
நான் உவர்மலை ஏறும்போது,
மீனுக்கு விலை பேசும்போது,
மகனின் கணக்குக் கொப்பியில் கையொப்பமிடும்போது
என் வலது நுரையீரலில் எங்கோ
ஒரு சவ்வு வளைந்துகொண்டிருக்கும்.
அதற்கு நான் சம்பளம் கொடுப்பதில்லை.
நன்றி சொல்ல முகமும் இல்லை.

சிவப்புக் கீறலை இன்னொருமுறை பார்க்கிறேன்.
செத்ததா, உயிரோடிருப்பதா?
சாயம் அதைச் சொல்லாது.
ஒன்று என்றால் ஒன்று என்றே எழுத வேண்டும்,
இல்லை என்று எழுத எனக்கு உரிமையில்லை.

கீழே தெருவில் ஒலிபெருக்கி கட்டிய லொறி:
பழைய இரும்பு, பித்தளை, பழுதான பற்றரி.

மிச்சம் நாலு புலம்.
குமிழைத் திருகுகிறேன்.
தொண்ணூற்றேழு.
நீலம்.